பாலத்தின் நடுவே பாயசம்

ஆற்றங்கரை நாடுகள் ஐந்தும் ஒரு கூட்டாகச் சேர்ந்தன. ஒரு நாட்டு நெல்லும் துணியும் உப்பும் இன்னொரு நாட்டுக்குத் தடையில்லாமல் போகலாம். வேலை தெரிந்த ஆட்களும் அப்படியே போகலாம் என்று ஐந்து ராஜாக்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒப்புக்கொண்டார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் ஆளுக்கொரு தேர்வு வைத்தார்கள். அதில் தேறாத வெளிநாட்டு ஆள் அங்கே எந்த வேலையும் செய்யக்கூடாது.

தென்கரை நாட்டில் அந்தச் சட்டத்தை எழுதியவர் எல்லை அதிகாரி குலோத்துங்கர். வடகரைக்குப் போகும் பாலத்தின் இந்த முனைக் கதவுச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். தங்கமான மனிதர். கதவு விஷயத்தில் மட்டும் கல்நெஞ்சு. அவருக்கு ஒரு குரு இருந்தார், அவரைவிட இளையவர், பரஞ்சோதி அடிகள்.

"சாமி, மூட்டைன்னா பிரிச்சுப் பாத்து உள்ள விடலாம். மனுஷன் கைவேலையை எதை நம்பி உள்ள விடறது?" என்று ஒருநாள் கேட்டார் குலோத்துங்கர்.

"உங்க வீட்டுல விசேஷம் வரட்டும், சொல்றேன்" என்றார் குரு.

விசேஷம் வந்தது. மகள் மாதங்கிக்குக் கல்யாணம்.

கல்யாணத்தன்று காலையில் சேதி வந்தது. உள்ளூர் மேளக்காரர்கள் கிழக்கு நாட்டுத் திருவிழாவுக்குப் போன இடத்தில், தேர்வில் தேறவில்லை என்று தடுத்து வைக்கப்பட்டிருந்தார்கள். வடகரையிலிருந்து தவில்காரர் கோதண்டம் தன் குழுவோடு உதவிக்கு வந்தார். பாலத்துக் கதவில் குலோத்துங்கரின் காவலாளே அவரை மறித்தான்.

"விருந்தாளியா வாங்க. மேளத்தோட வரக்கூடாது."

"மேளத்தை விட்டுட்டு நான் எங்கயும் வர்றதில்ல" என்று கோதண்டம் திரும்பிப் போய் எதிர்க்கரையில் உட்கார்ந்துகொண்டார்.

குலோத்துங்கர் குருவிடம் ஓடினார். "கெட்டிமேளம் இல்லாம எப்படி சாமி தாலி கட்டறது? அந்த நேரம் பாத்து யாராவது தும்மினா? மாப்பிள்ளையோட பெரியப்பாவுக்கு வேற ஜலதோஷம்!"

"கதவைத் திறந்தா ஆச்சு."

"நான் போட்ட சட்டம் சாமி. நானே மீறலாமா?"

"அப்ப மணவறையைத் தூக்கிட்டு ஆத்தங்கரைக்கு வாங்க."

அந்த இடத்தில் ஆறு குறுகல். மணவறை கரைக்கு வந்தது. குரு நீர் ஓரம் போய் நின்றார். புரோகிதர் விரலை உயர்த்தினார். குரு தன் காவித் துண்டைச் சுழற்றினார்.

எதிர்க்கரையில் கோதண்டத்தின் தவில் இடியாய் இடித்தது. நாதஸ்வரம் ஆற்றைத் தாண்டி வந்து பந்தலை நிறைத்தது. தாலி ஏறியது. பெரியப்பா தும்மினார். அவர் வாய் திறந்ததைத்தான் பார்த்தார்கள், சத்தம் யார் காதிலும் விழவில்லை.

குலோத்துங்கருக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்த மனுஷனுக்கு என் கையாலதான் பரிமாறணும்!"

இலையும் சோறும் முதலில் பாலம் தாண்டிப் போயின. பிறகு அவரே பாயச வாளியோடு கிளம்பினார். கதவைத் திறந்து பாலத்தில் ஏறியவர், பழக்கதோஷத்தில் திரும்பி அதைப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அந்த முனைக்கு நடந்தார்.

வடகரைக் காவலன் கும்பிட்டான். ஆனால் கதவைத் திறக்கவில்லை.

"பாயசத்தைக் குடுங்க, வாங்கிக்கறேன். அது சரக்கு. பரிமாறுறது வேலையாச்சே! எங்க தேர்வுல தேறிட்டீங்களா?"

"பாயசம் ஊத்தறதுக்குத் தேர்வா?"

"உங்க சட்டத்தைப் பாத்துத்தான் எங்க ராஜாவும் போட்டாரு. எங்க ஆளுங்க அந்தப் பக்கம் வந்து சாப்பிட்டா எனக்கு ஆட்சேபணை இல்ல."

இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கோதண்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "முந்திரி போட்டிருக்கா?"

"நிறைய!" என்று கத்தினார் குலோத்துங்கர்.

தென்கரையிலிருந்து மாதங்கியும் கத்தினாள். "அப்பா, சாயங்காலம் ஊர்வலம் இருக்கே! மேளம் அங்கயே இருந்தா, அதுக்கும் இந்தக் கரையையே சுத்திச் சுத்தி வரணுமா?"

கல்யாணக் கூட்டம் சிரித்தது. எதிர்க்கரையும் சிரித்தது. இரண்டு பூட்டிய கதவுகளுக்கு நடுவே வாளியும் கரண்டியுமாக நின்ற குலோத்துங்கருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"சாமி! நீங்களாவது இவன்கிட்டச் சொல்லி அந்தக் கதவைத் திறக்க வைங்க!"

கரையில் நின்ற குரு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அது அவங்க பூட்டு. உங்க இடுப்புல இருக்கறது எந்தக் கதவோட சாவி?"