தமயந்தியுடன் வர ஓர் ஆள்

தன்னை நன்றாகத் தெரிந்த ஒருவரைத் தேடி அலைந்த ஒருத்தியின் கதை இது. விடையை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

திருச்சியில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்தாள் தமயந்தி. நாற்பத்தொரு வயது, தனிக்கட்டை. கவனம் ஓரிடத்தில் நிற்காது. ஒருமுறை மாடி வீட்டுக்குப் படி போட மறந்து வரைந்து, "மேல பறந்து போறதா?" என்று முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். மருத்துவர் அதைக் கவனக்குறைவு, மிகை இயக்கக் கோளாறு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். காலை எட்டரைக்குப் போட்டால் மாலை ஆறு வரை கேட்கும். வாழ்க்கையில் முதல்முறையாக, எடுத்த வேலையை எடுத்த அன்றே முடித்தாள்.

இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ இளைத்திருந்தாள்.

"சாப்பிடுறீங்களா?"

"மூணு வேளையும் சாப்பிடுறேன் டாக்டர்." அப்படித்தான் அவள் நம்பினாள்.

"இப்படியே எடை இறங்கினா மாத்திரையை நிறுத்த வேண்டி வரும். காரணம் தெரிஞ்சா அளவையோ நேரத்தையோ மாத்திப் பாக்கலாம். சனிக்கிழமை, உங்களை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க."

மாத்திரை போனால் மறுபடியும் படியில்லாத மாடிதான். பேருந்தில் வரும்போது போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே வந்தாள். பிளம்பர், கேஸ், கூரியர்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் குடியிருப்புக் காவலாளி ஆரோக்கியசாமியிடம், தன்னிடம் ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று கேட்டாள். அவர் சிரித்தார். "உங்களுக்கு என்னம்மா? சாவியை விட்டுட்டு மூணு தடவை மேல ஓடுறீங்க. நடுவுல எனக்கு ஊர்க்கதை வேற. அதே பழைய ஆளுதான்."

அலுவலகத்தில் பக்கத்து மேஜை ஃபர்ஸானா சொன்னாள்: "ஒரு கோடு தப்பலை மேடம். ஆனா என் ஜோக்குக்குச் சிரிச்சு ரெண்டு மாசம் ஆச்சு." சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கிளம்பினாள்.

தமயந்தியின் மேஜையோரம் அம்சவேணி மெஸ்ஸின் சாப்பாட்டுக் கேரியர் வந்து உட்கார்ந்திருந்தது. அடையாளத்துக்குக் கைப்பிடியில் பச்சை நூல். ஒரு வாய், இரண்டு வாய். அதற்குள் வரைபடம் கூப்பிட்டது. மூடி வைத்தாள். மெஸ் ஆள் எடுத்துப் போனார்.

மாலை ஏழுக்கு எதிர்வீட்டு சுந்தரவல்லி கதவைப் பாதிதான் திறந்தாள். "உன்கிட்ட பேசவே பயமா இருக்குடி. நேத்து இதே நேரம் மோட்டார் போடச் சொன்னதுக்கு அப்படி எரிஞ்சு விழுந்தியே! நான் எங்க வந்து, என்ன சொல்ல?"

வீட்டு வாசலில் அதே பச்சை நூலுடன் மெஸ்ஸின் இரவுக் கேரியர் தொங்கியது. மூன்று இட்லி வர வேண்டிய இடத்தில் கொஞ்ச நாளாக ஐந்து வருகிறது. எண்ணத் தெரியாத மெஸ் என்று முணுமுணுத்தபடி ஒன்றுவிடாமல் தின்றாள்.

மூன்று பேரும் சொன்னது மூன்று வேறு பெண்களைப் பற்றிச் சொன்னதுபோல் இருந்தது. சரி, இப்போது சொல்லுங்கள்: தமயந்தியை அறிந்தவர் யார்? சனிக்கிழமை அவள் யாரைக் கூட்டிப்போக வேண்டும்?

விடை: மூவரும் பொய் சொல்லவில்லை. மாத்திரைக்கு முந்தியவளை ஒருவர் பார்த்தார், மாத்திரையில் இருப்பவளை ஒருத்தி, அது இறங்கும் நேரத்துக் கோபக்காரியை இன்னொருத்தி. பகலில் பசி மடிவதையும் இருட்டியதும் அது திரும்புவதையும் கண்டவள், அவள் முகத்தையே காணாத மெஸ்காரி அம்சவேணி. மதியக் கேரியர் நிறைந்தே திரும்புகிறது, இரவுக் கேரியர் வழித்துத் துடைத்து வருகிறது என்று பார்த்து, இரண்டு இட்லி கூட்டி வைத்தவள். ஐந்தாவது இட்லி விரலில் இருக்கும்போதுதான் தமயந்திக்கு இது உறைத்தது. போன் செய்தாள். பெயரைச் சொன்னால் அந்தப் பக்கம் புரியவில்லை. பச்சை நூல் என்றதும், "அடடா, நீங்களா! ஏம்மா, மத்தியானம் நம்ம சமையல் இறங்கலையா?" என்றது குரல். சனிக்கிழமை மருத்துவமனையில், வரச் சம்மதித்த அம்சவேணி தன்னை அடையாளம் கண்டுகொள்ளட்டும் என்று, தமயந்தி பச்சை நூல் கட்டிய காலிக் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே வரும் ஒவ்வொரு பெண்ணையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.