நான்கு வரி இடம்

தோலின் மேல் கத்தி உரசும் சத்தம், கண் மங்கிக் கிழவனான பிறகும் ஓதோனின் காதில் இருந்தது.

அன்று அவன் வால்தெரான் சாமியாரின் மாணவன். பாரிசுக்குத் தெற்கே ஒரு மடத்துப் பள்ளி. எழுதுவதெல்லாம் செம்மறித் தோலில்தான். எழுத்து தவறினால் கத்தியால் சுரண்டிவிடுவார்கள். இறையியல் நூல் என்றால் எதிராளியின் மறுப்பை முதலில் எழுதி, அதற்குக் கீழேதான் தன் பதிலை எழுத வேண்டும்.

மறுநாள் அந்தப் பகுதித் திருச்சபையின் தலைவரான ஆயர் வந்து வால்தெரானின் நூலைப் பார்ப்பதாக இருந்தது. பதில்கள் நின்றால் பள்ளியின் தலைமை ஆசிரியர் இருக்கை வால்தெரானுக்கே. நிற்காவிட்டால், மறுப்பு எழுதிய மற்றோர் ஆசிரியர் ரெனால்துக்கு.

பிரதி எடுத்துக்கொண்டே வந்த ஓதோன் ஓரிடத்தில் நின்றுவிட்டான். ரெனால்து எழுதியிருந்தார்: ‘நடந்ததை நடக்காமல் செய்யக் கடவுளாலும் முடியாது. செத்த பிள்ளையை அவர் எழுப்பலாம். அந்தத் தாய் அழுத அழுகையை என்ன செய்வார்?’

கீழே நான்கு வரியில் குருவின் பதில். மறுப்பு அழுதது. பதில் கெட்டிக்காரத்தனமாகப் பேசியது.

இரண்டையும் எழுதி முடித்த ஓதோன் கத்தியை எடுத்து மறுப்பைச் சுரண்டினான்.

“என்ன சுரண்டுகிறாய்?” வாசலில் வால்தெரான்.

“பிழை, சாமி.”

“யாருடைய பிழை?”

குரு தோலை வாங்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மை போயிருந்தது. இறகுப் பேனா அழுத்திய தடம் போகவில்லை.

“வாசி.”

வாசித்தான். தாய் வந்த இடத்தில் நிறுத்தி, அந்த வரியை மறுபடி வாசித்தான்.

“அந்த மனிதர் உங்களைக் கிழட்டுச் செம்மறி என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார், சாமி. அவருக்கா இந்த இருக்கை?”

“சரியாகத்தான் சொல்கிறார். என் இனத்தாரின் தோலை இவ்வளவு காலம் எழுதிக் கெடுத்திருக்கிறேனே. சுரண்டியதை மறுபடி எழுது. மை நல்ல கறுப்பாக இருக்கட்டும்.”

எழுதினான். பிறகு குரு உட்கார்ந்து, அதே கத்தியால் தன் நான்கு வரியையும் சுரண்டினார். அவசரப்படவில்லை. தோல் மெலிந்து, அந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் ஊடுருவி வந்தது.

“சாமி! பதில் எங்கே என்று நாளைக்கு ஆயர் கேட்பாரே?”

“இடம் விட்டிருக்கிறது என்று சொல்.”

“யாருக்கு?”

“அந்தத் தாய்க்குப் பதில் சொல்ல வேண்டியவருக்கு.”

இருக்கை ரெனால்துக்குப் போனது. சாகும்வரை அவர் அதில் இருந்தார். வால்தெரானின் நூலை அவரே பலமுறை பிரதி எடுக்கச் சொன்னார். ஒவ்வொன்றிலும் அந்த நான்கு வரி இடத்தை வெறுமையாகவே விடச் சொன்னார்.