மருதாசலம் எட்டு போட்ட கதை

ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டு போட்டுக் காட்டினால்தான் கார் லைசென்ஸ். அமெரிக்காவில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்த மருதாசலம் அதில் இரண்டு முறை கோட்டைவிட்டிருந்தார். இது மூன்றாவது. நாளைக்குச் சம்பந்தி வீட்டுக்குப் புதுக் காரில் போக வேண்டும். இன்றும் தோற்றால் ஓட்டப்போவது மனைவி கோகிலவாணி. அவள் முதல் தடவையே பாஸ்.

வரிசையில் நிற்கிற பயம் வெளியே தெரியாமலிருக்க மருதாசலம் வாயைத் திறந்தார்.

"நான் அங்க ஸ்டாக் கார் ரேஸ் ஓட்டினவனுங்க."

"அப்படீன்னா?" என்றார் டிரைவிங் ஸ்கூல் ஆறுச்சாமி.

"பேருக்குத்தான் கடையில விக்கிற காரு. வெளிய பாத்தா அதே மாதிரி இருக்கும். ஆனா ஹெட்லைட்டு வெறும் ஸ்டிக்கரு. கதவு தெறக்காது, ஜன்னல் வழியாத்தான் ஏறணும்."

இதுவரை நிஜம். இத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஸ்பீடு காட்டற முள்ளுகூடக் கெடயாது. வெச்சா ஸ்பீடு தாங்காம வளைஞ்சு போகுதுன்னு கழட்டிட்டாங்க. ஒருக்கா முன்னாடி போன வண்டியத் தொரத்தி முந்திட்டுத் திரும்பிப் பாக்கறேன், அதுலயும் நாந்தான் உக்காந்திருக்கேன்!"

"நம்ம ஸ்கூல் காருல ஏசி இல்லீன்னு பேசினீங்களே, அதுல இருந்துச்சுங்களா?"

"ஏசியா? மாவை மடியில வெச்சு ஏறினா, எறங்கறப்ப இட்லி."

"சட்னிக்கு என்ன பண்ணுனீங்க?" இது கூட வந்திருந்த கோகிலவாணி.

"அந்தக் குலுக்கல்ல தேங்கா தானா அரைபட்டுரும்."

உண்மையில் அவர் அந்தப் பந்தயத்தை ஒரே ஒரு தடவை, கேலரியில், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பார்த்தவர். அது மனசுக்குத் தெரியும். நாக்குக்கு யாரும் சொல்லவில்லை.

"ஐந்நூறு சுத்து, அத்தனையும் எடது பக்கம். வலது பக்கம்னு ஒண்ணு இருக்கறதயே என் கை மறந்துபோச்சுங்க. இன்னிக்கு வரைக்கும் திரும்பாது."

"அப்பறம் எட்டு எப்படிங்ணா போடுவீங்க?" என்றார் வரிசையில் ஒருவர்.

அதற்குள் இன்ஸ்பெக்டர் மருதாசலத்தின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

முதல் வளைவு இடது. பிரமாதமாக எடுத்தார். அடுத்தது வலது. ஜன்னல் வழியே பார்த்தால் வரிசை மொத்தமும் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. திருப்பினால் லைசென்ஸ்; திருப்பாவிட்டால் மானம். மருதாசலம் ஒரு நொடி யோசித்தார். இடது பக்கமே ஒடித்தார். மறுபடியும். அதற்கப்புறமும்.

"ஏனுங்க, எட்டு போடச் சொன்னா மூணு சைபர் போட்டுட்டு வர்றீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மருதாசலம் வரிசையைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார். "நாஞ் சொன்னனுங்களா இல்லியா?"

வரிசை கைதட்டியது. கோகிலவாணி கையை நீட்டினாள்.

"சம்பந்தி வீட்டுக்கு நாலு எடத்துல வலது பக்கம் திரும்பணும். சாவியக் குடுங்க."