ஆள்காட்டி சொன்ன காலைச் சேதி

ஆவாரங்குளம் வற்றிக்கொண்டே வந்தது. அந்தக் காட்டில் மிச்சம் இருந்த தண்ணீர் அது ஒன்றுதான்.

குளக்கரைப் பாறையில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. காலையில் மிருகங்கள் தண்ணீர் குடிக்க வரும்போது காட்டுச் சேதி சொல்வது அதன் வேலை. கூலி என்று யாரும் எதுவும் கொடுப்பதில்லை. ஆனால் சேதி சூடாக இருந்தால் கேட்கிறவர்கள் சும்மா நிற்க மாட்டார்கள். காட்டுப்பன்றி தரையைக் கிளறும். காட்டெருமை ஓங்கி ஓங்கி மிதிக்கும். ஈர மண் பிளந்து புழுக்கள் மேலே வரும். கூட்டம் கலைந்ததும் ஆள்காட்டி இறங்கிப் பொறுக்கித் தின்னும்.

சேதி சப்பென்று இருந்தால் ஒருத்தரும் மிதிக்க மாட்டார்கள். ஆள்காட்டிக்கு அன்று பட்டினிதான்.

ஒரு சாயங்காலம் முயல் கரையில் மேய்ந்துகொண்டிருந்தது. புதரை விலக்கிக்கொண்டு ஒரு முள்ளம்பன்றி வந்தது. பின்னால் இரண்டு குட்டிகள்.

"அக்கா, மலைக்கு அந்தப் பக்கம் ஊற்று வறண்டுபோச்சு. பிள்ளைங்க ஒரு வாய் குடிச்சுக்கட்டுமா?"

"இதுக்கு என்னைக் கேட்கணுமா? நானா குளம் வெட்டினேன்! குடிங்க!"

குடித்தன. சின்னக் குட்டி மூக்கில் தண்ணீர் ஏறித் தும்மியது. முயலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நாளைக்கும் வாங்க" என்றது.

பாறைமேல் இருந்து ஆள்காட்டி எல்லாவற்றையும் பார்த்தது.

மறுநாள் காலை அது கத்தியது: "முள்ளம்பன்றிக் கும்பல் நம் குளத்துக்குள் புகுந்தது! இருட்டும் நேரம் பார்த்துப் புகுந்தது! உடம்பெல்லாம் ஆயுதம்!"

காட்டெருமை மிதித்த மிதியில் கரையே அதிர்ந்தது. அன்று ஆள்காட்டிக்கு விருந்து.

முயலுக்குக் கோபம் பொங்கியது. "ஏய், என்ன உளறல் இது? ஒரு அம்மாவும் ரெண்டு பிள்ளையும் தண்ணி குடிச்சாங்க. அவ்வளவுதான்!"

"மூணு பேர் சேர்ந்து வந்தா கும்பல் இல்லையா?"

"என்னைக் கேட்டுட்டுத்தானே குடிச்சாங்க!"

"நீதான் குளத்துக்கு ராணியா? எங்க யாரையும் கேட்கலையே! முள்ளு ஆயுதம் இல்லாம என்ன, பூவா? நான் சொன்னதுல ஒரு பொய் காட்டு, பார்ப்போம்!"

முயல் அது சொன்ன வார்த்தை ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தது. பொய் என்று காட்ட ஒன்றும் சிக்கவில்லை.

"தண்ணி குடிச்சாங்கன்னே சொல்லித் தொலையேன்!"

"முந்தாநாள் 'மான் தண்ணி குடிச்சது'ன்னு சொன்னேன். எல்லாரும் கொட்டாவி விட்டீங்க. நீயும்தான்!"

அது உண்மை. முயல் விட்டது பெரிய கொட்டாவி.

முயல் காட்டெருமையிடம் ஓடியது. "அண்ணே, நான் பக்கத்துல இருந்து பார்த்தேன்!"

"எத்தனை பேரு?"

"மூணு பேரு."

"முள்ளு இருந்துச்சா?"

"இருந்துச்சு, ஆனா..."

"அப்புறம் என்ன? கும்பல் வந்தது நிஜம்தான்!"

சாயங்காலம் காட்டெருமையும் காட்டுப்பன்றிகளும் கரையில் காவல் நின்றன. எப்படியாவது தடுக்கலாம் என்று முயலும் நின்றது. புதர் அசைந்தது. அத்தனை பெரிய உருவங்களைப் பார்த்த பயத்தில் முள்ளம்பன்றியின் முட்கள் சிலிர்த்துக் கடகடவென்று ஆடின. அந்தச் சத்தத்தில் முயலுக்கு நேற்றைய தும்மல் மறந்துபோனது. காலையில் கேட்ட வார்த்தைதான் வாயில் வந்தது.

"கும்பல் வந்துடுச்சு!"

"அக்கா, நாங்கதான்! நீங்கதானே வரச் சொன்னீங்க!"

காட்டுப்பன்றிகள் பாய்ந்தன. தாய் ஒரு குட்டியைத்தான் இழுத்துக்கொண்டு ஓட முடிந்தது. சின்னது மிதிபட்டுத் தண்ணீர் ஓரத்திலேயே கிடந்தது. அது குடித்திருக்கவில்லை.

காலையில் ஆள்காட்டி சொன்னது: "குளக்கரை மோதலில் ஒரு முள்ளம்பன்றி இறந்தது! குளம் மீட்கப்பட்டது!"

"குட்டின்னு சொல்லு!" முயல் தொண்டை கிழியக் கத்தியது. "நாம மிதிச்சுக் கொன்னோம்னு சொல்லு!"

யார் காதிலும் விழவில்லை. எல்லாரும் சந்தோஷத்தில் குதித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு மான்குட்டி குளத்தில் வாய் வைத்தது. மூஞ்சியெல்லாம் சேறு. இத்தனை நாள் மிதித்த மிதியில் மிச்சத் தண்ணீரும் சேறாகிக் கிடந்தது.

"தண்ணி எங்கம்மா?" என்றது மான்குட்டி.

ஆள்காட்டி வாயில் இருந்த புழுவை விழுங்கிவிட்டுப் பாறைமேல் ஏறியது. "முள்ளம்பன்றிகள் புகுந்த குளம் நாசமானது!"

மறுபடியும் மிதிக்க ஆரம்பித்தார்கள். முயல் குனிந்து பார்த்தது. அதன் பின்னங்காலும் சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தது.

நீதி: ஒரு பொய்கூடச் சொல்லாமல், வார்த்தையை மட்டும் மாற்றிப் போட்டே ஓர் உயிரை எடுத்துவிடலாம்; ஆனால் மிதிக்கிற கால்கள் கேட்கிறவர்களுடையவை.