பல்லக்கில் ஏறிய கஞ்சாச் செடி

குளிர்காட்டு ஜமீனில் மேகம் ஒரு வாசல் வழியாக வீட்டுக்குள் வந்து, அடுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுவாசல் வழியாகப் போகும். அந்த மலையூரில் ஜமீந்தார் பல்லக்கைத் தூக்க நாலு பேர் இருந்தார்கள். முன்கொம்பு பெத்தணனுக்கும் சக்கனுக்கும். பின்கொம்பு வீருசின்னுவுக்கும் தொட்டப்பனுக்கும். முன்னால் போகிறவர்களுக்கு வழி தெரியும் என்பதால் அவர்கள் இரண்டு பேரும் அறிவாளிகள் என்று நாலு பேரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். தொட்டப்பன் பதினெட்டு வருஷமாகப் பார்த்த உலகம் சக்கனின் முதுகுதான். அதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல அகலமான முதுகு.

அவன் குறையெல்லாம் சோற்றில். அந்த ஜமீனில் ஒரு வழக்கம் உண்டு. தூக்குகிறவன் வயிறு, ஏறி உட்கார்ந்தவர் வயிற்றைவிடக் கனக்கக் கூடாது. ஆகவே பல்லக்கில் ஏறியவர் முதலில் சாப்பிட்டு எழுந்திருக்க வேண்டும். அவர் எத்தனை கவளம் சாப்பிட்டார் என்று சமையல்காரர் எண்ணுவார். தூக்கியவர்களுக்கும் அத்தனை கவளம்தான், ஒன்று கூடாது.

ஜமீந்தார் திம்மப்ப நாயக்கர் அறுபது கவளம் சாப்பிட்ட காலத்தில் தொட்டப்பனைப் போல சந்தோஷமான மனுஷன் மலையிலேயே கிடையாது. திடீரென்று ஒருநாள் ஜமீந்தாருக்குப் பசி நின்றுபோனது. மூன்று கவளம், ஒரு வாய் மோர், அதோடு எழுந்துவிடுவார். வெளியே கிளம்புவதும் நின்றது. தொட்டப்பனின் வேட்டி இடுப்பில் இரண்டு சுற்றுக் கூடுதலாகச் சுற்றியது. அவன் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து, வெட்கமே இல்லாமல் அழுதான்.

கடைசியில் உலகநாத வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தார். "பசிக்கு ஒரு லேகியம் கிண்டலாம். அதுக்கு வடக்கே பனிமலையில விளையற கஞ்சாவோட பிசின் வேணும். கீழ்நாட்டுச் செடி சரிப்படாது. அங்கேருந்து வந்த ஒரு பைராகிச் சாமியார் குடுத்த விதை எங்கிட்ட இருக்கு. நம்ம ஊர்க் குளிர் அதுக்கு ஒத்துக்கும். யாராவது பொறுப்பா வளர்க்கணும்" என்றார்.

"நாங்க வளர்க்கறோம் சாமி!" என்று தொட்டப்பன் கத்தினான். யாரும் மறுக்கவில்லை. அதுதான் முதல் தப்பு.

வைத்தியர் நாலு விஷயம் சொன்னார். செடி காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயிலில் இருக்க வேண்டும். ஆண் செடியையும் பெண் செடியையும் சேரவிடக் கூடாது. பனி விழுவதற்கு முதல் நாள் அறுத்துவிட வேண்டும். பிறகு பூவை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, கையில் ஒட்டுகிற பிசினைக் கடுகளவும் சிந்தாமல் கொண்டுவர வேண்டும்.

மலை உச்சியில் எட்டுத் தொட்டிகளில் விதை போட்டார்கள். முளைத்தது. காலையில் வெயில் வந்தது. சற்று நேரத்தில் மேகம் வந்து வெயிலைத் தூக்கிக்கொண்டு எதிர்ப் பாறைக்குப் போய்விட்டது.

"வெயிலு அங்க போயிருச்சு. செடி இங்க இருக்கு. வைத்தியர் என்ன சொன்னாரு?" என்று கேட்டான் பெத்தணன்.

"சாயங்காலம் வரைக்கும் வெயில்ல இருக்கணும்னாரு" என்றான் சக்கன்.

"அப்ப வெயிலை இங்க தூக்கிட்டு வரணுமாண்ணே?" என்றான் வீருசின்னு.

"அதுக்குக் கொம்பு எங்கடா இருக்கு? கொம்பில்லாததைத் தூக்க முடியாது. செடியைத்தான் தூக்கணும்" என்றான் பெத்தணன்.

அரண்மனைக்குப் போய்ச் சும்மா கிடந்த பல்லக்கை எடுத்துவந்து, எட்டுத் தொட்டிகளையும் ஏற்றினார்கள். வெயில் பாறைக்குப் போனால் பல்லக்கும் பாறைக்குப் போனது. வெயில் ஓடைக்கரைக்குப் போனால் பல்லக்கும் அங்கே ஓடியது. பல நாள் இவர்கள் மூச்சிரைக்கப் போய்ச் சேரும்போது வெயில் கிளம்பியிருக்கும். ஆனாலும் செடிகள் என்னவோ செழித்தன. ஆடி மாசத்தில் அவை பல்லக்கின் கூரையை முட்டின. ஆவணியில் கூரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தன. மூன்று கவளச் சோற்றோடு அந்தக் காட்டைச் சுமந்த தொட்டப்பனுக்குக் கண் இருட்டும். ஜமீந்தாருக்குப் பசி வரப்போகிறது என்று நினைத்ததும் தெளிந்துவிடும்.

புரட்டாசியில் பூ வந்தது. ஆறு பெண், இரண்டு ஆண். உடனே நடுவில் பல்லக்குத் திரையை இழுத்துக் கட்டினார்கள். வீருசின்னு திரைக்கு அருகே கம்போடு காவல் உட்கார்ந்தான். மூன்றாம் நாள் அவன் மனசு தாங்கவில்லை.

"அண்ணே, பாவமா இருக்கு. வைத்தியர் சேரவிடாதேன்னது கல்யாணத்துக்கு முன்னாலதானே? முறைப்படி கட்டிவெச்சிட்டா?"

பெத்தணன் வெகுநேரம் யோசித்தான். "ரெண்டு மாப்பிள்ளை, ஆறு பொண்ணு. ஆளுக்கு மூணுன்னு கட்டிவெச்சா ஊர் என்ன சொல்லும்?"

"ஜமீந்தாருக்கே மூணு இருக்கே!" என்றான் சக்கன். விஷயம் முடிந்தது. ஆறு மஞ்சள் கயிறு கட்டினார்கள். மாப்பிள்ளைகள் இரண்டும் அன்று சாயங்காலமே காற்றில் ஒடிந்து விழ, நாலு பேரும் தலைமுழுகி மூன்று நாள் துக்கம் காத்தார்கள்.

அடுத்தது பனி. அது விழுவதற்கு முதல் நாளை எப்படிக் கண்டுபிடிப்பது?

"ரொம்பச் சுலபம். பனி எப்ப விழுதுன்னு பாத்துக்கிட்டே இருப்போம். விழுந்த உடனே அதுக்கு முதல் நாள் எதுன்னு தெரிஞ்சிரும்" என்றான் பெத்தணன். முன்கொம்பு முன்கொம்புதான் என்று தொட்டப்பன் உருகிப்போனான்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு காலை, புல்லெல்லாம் வெள்ளை. "கண்டுபிடிச்சாச்சு! நேத்துதான் அறுக்கணும்!" என்று நாலு பேரும் குதித்தார்கள். ஆனால் நேற்றுக்கு எப்படிப் போவது? நேற்று கட்டியிருந்த வேட்டியைத் தேடிக் கட்டினார்கள். நேற்றுப் பேசியதையே திரும்பப் பேசினார்கள். வீருசின்னுவுக்கு நேற்று கால் இடறியிருந்ததால் இன்றும் ஒருமுறை இடற வைத்தார்கள். இப்போது நேற்று வந்துவிட்டது என்று எல்லோருக்கும் திருப்தியானதும் அறுத்தார்கள்.

பனியில் பாதிப் பூ கருகிவிட்டது. மீதியைத் தேய்த்ததில் எட்டு உள்ளங்கையும் கறுத்துப் பிசுபிசுத்தது. கடுகளவும் சிந்தக் கூடாதே! எட்டுக் கைகளையும் ஆகாயத்தைப் பார்க்கத் தூக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார்கள். எழுந்தால் சரிவில் விழலாம். விழுந்தால் கை ஊன்றும். கை ஊன்றினால் மருந்து மண்ணுக்கு. ஆகவே எழுந்திருக்கவில்லை.

மருந்து வரும் என்று மறுநாள் காலை வரை பார்த்துவிட்டு, ஜமீந்தாரே கிளம்பினார். பல்லக்கு மேலே இருந்ததால் பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக நடந்து மலை ஏறினார். கூட சமையல்காரரும் ஈட்டிக்காரர் இரண்டு பேரும் வந்தார்கள். உச்சிக்கு வந்தவர் கூரை கிழிந்த பல்லக்கைப் பார்த்தார். கை தூக்கிய நாலு பேரைப் பார்த்தார்.

"என்னடா இது?"

"மருந்து மகாராசா! கையில இருக்கு!" என்றான் தொட்டப்பன், கண் கலங்க.

"சரி, பல்லக்கைத் தூக்குங்க, போவோம்."

"கொம்பைப் பிடிச்சா மருந்து கொம்புல ஒட்டிரும் சாமி. அப்புறம் நீங்க கொம்பைத்தான் நக்கணும்" என்றான் பெத்தணன்.

ஜமீந்தார் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. ஒன்று சொல்லிவிடுகிறேன், அந்த ஜமீனில் அறிவு மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரே அளவாகத்தான் பங்கிடப்பட்டிருந்தது. இவர்களை நடக்கவிட்டால் விழுவார்கள். தூக்கவிட்டால் துடைப்பார்கள். மருந்து பத்திரமாக இறங்க ஒரே வழிதான். நாலு பேரும் கையைத் தூக்கியபடி பல்லக்கில் ஏறி உட்கார்ந்தார்கள். முன்கொம்பை ஜமீந்தாரும் சமையல்காரரும், பின்கொம்பை ஈட்டிக்காரர்களும் பிடித்தார்கள்.

பல்லக்கு ஆடி ஆடி இறங்கியது. வாழ்நாளில் முதல் தடவையாகத் தொட்டப்பன் முதுகு இல்லாத உலகத்தைப் பார்த்தான். எவ்வளவு பெரிதாக இருந்தது!

அரண்மனை வாசலில் பல்லக்கை இறக்கியதும் ஜமீந்தார் தரையில் சாய்ந்தார். வயிற்றுக்குள் ஏதோ உறுமியது. "சோறு! கொண்டாங்கடா சோறு! பசி பிராணன் போகுது!" என்று அலறினார். தலைவாழை இலை வந்தது. சோறு மலையாகக் குவிந்தது. ஜமீந்தார் கையை வைத்தார்.

"சாமி, நில்லுங்க!" என்றான் பெத்தணன். "வழக்கம்னு ஒண்ணு இருக்கே. ஏறி வந்தவங்க சாப்பிட்டு எழுந்த பிறகுதானே தூக்கி வந்தவங்க சாப்பிடணும்?"

ஜமீந்தாரின் கை இலைமேலேயே நின்றது. சமையல்காரர் தலையைச் சொறிந்து, "முறை அப்படித்தான் எஜமானே" என்றார். முப்பாட்டன் போட்ட வழக்கம், மீற முடியுமா?

"அப்ப சீக்கிரம் சாப்பிட்டுத் தொலைங்கடா!"

"எப்படிச் சாமி? கையிலதான் மருந்து இருக்கே."

வைத்தியர் மருந்து அரைக்கிற கல்வத்தோடு ஓடிவந்து, "வழிச்சுக் குடுங்கடா" என்று கெஞ்சினார். வழிக்கும்போது கடுகளவு சிந்தினாலும் அவரே சொன்ன சொல்லை அவரே மீறினதாகிவிடும் என்று பெத்தணன் கண்டிப்பாக மறுத்துவிட்டான்.

ஜமீந்தாருக்கு அதற்குமேல் பொறுமையில்லை. சோற்றை உருட்டி உருட்டி அவரே ஊட்ட ஆரம்பித்தார். பெத்தணன் இருபதில் எழுந்தான். சக்கனும் வீருசின்னுவும் இருபத்தைந்தில் எழுந்தார்கள். தொட்டப்பன் எழுந்திருக்கவில்லை. எத்தனை மாசத்துப் பசி! நாற்பது போனது. ஐம்பது போனது. ஜமீந்தாரின் நாக்கு வெளியே தொங்க, அவர் உருட்டிக்கொண்டே இருந்தார்.

ஐம்பத்தெட்டாவது கவளத்தில் தொட்டப்பன் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். அவன் கண்ணில் மளமளவென்று நீர் வழிந்தது.

"பாவம் மகாராசா நீங்க," என்றான் வாய் நிறையச் சோற்றோடு. "இத்தனை சோறு கண்ணு முன்னால போகுது, ஒரு வாய் சாப்பிடணும்னு உங்களுக்குத் தோணலையே! இந்த மருந்து உதவாது. நாளைக்கே வேற விதை போட்டுடறோம்."