பச்சை போன நாள்

சந்தியாகு முப்பது வருடம் பாம்பன் கடலில் சங்கு குளித்தவர். மனைவி சலோமி மலேரியாவில் இறந்ததும் கடலை விட்டுவிட்டார். நேராகக் காய்ச்சல் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, "அவளைக் கொன்னது எதுன்னு என் கண்ணால பாக்கணும்" என்றார்.

அங்கிருந்த டாக்டர் மெஹர்பானு அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். மைக்ராஸ்கோப் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நான்கு வருடம் போயிற்று. இப்போது இந்த ஐம்பத்தெட்டு வயதுச் சீடர் இரத்தத் துளிக்குள் கிருமி எங்கே பதுங்கியிருந்தாலும் பிடித்துவிடுவார்.

ஒருநாள் காலை ஒரு கைக்குழந்தையின் இரத்தம் வந்தது. அதிலும் கிருமி இருந்தது.

"திருட்டுப் பய. டாக்டரம்மா, இது எந்த நாள்ல திருட்டுக்கு இறங்குச்சு?"

"எதுக்குண்ணே?"

"எதுக்கும் முதல் நாள்னு ஒண்ணு இருக்குமில்ல?"

மெஹர்பானு அலமாரியிலிருந்து ஒரு படத்தை எடுத்து வந்தார். அதே கிருமி, பல்லாயிரம் மடங்கு பெரிதாக. அதன் வயிற்றில் ஒரு சின்னப் பை.

"இது என்ன?"

"இலைக்குப் பச்சை தர்ற பை இருக்கே, அதோட மிச்சம். பச்சை மட்டும் இல்ல."

"இரத்தத்துக்குள்ள எதுக்கு இலை?"

"இதோட மூதாதைங்க வெயில்ல தனக்கான சோத்தைத் தானே ஆக்கிக்கிட்டதுங்க."

சந்தியாகு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப உழைச்சுச் சாப்பிட்ட குடும்பமா?"

"ஆமா. கூடவே பக்கத்து உயிரைக் குத்தி உறிஞ்சுற மூக்கும் இருந்திருக்கும். அந்தச் சொந்தத்துல சிலது இன்னிக்கும் தண்ணியில அப்படித்தான் பிழைக்குது. உறிஞ்சப் போன எடத்துலயே ஒண்ணு தங்கிடுச்சு."

"சரி. பச்சை எந்த நாள்ல போச்சு?"

டாக்டர் எழுந்தார். "வாங்க."

ஆய்வுக்கூடத்தின் பின்னாலேயே கடல். "முங்குங்க. நான் நேரம் பாக்குறேன்."

சந்தியாகு சிரித்தார். "ரெண்டு நிமிஷம் நிப்பேன் டாக்டரம்மா. பயந்துராதீங்க." சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார்.

இருமிக்கொண்டே மேலே வந்தார்.

"நாப்பது செகண்டு" என்றார் மெஹர்பானு.

அவருக்கு வெட்கமாகப் போயிற்று. "மூச்சு போயிருச்சே."

"எந்த நாள்ல?"

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி யோசித்தார். போன வருடமா? அதற்கு முந்தின வருடமா?

"வயசும் ஆச்சு" என்றார். பிறகு மெதுவாக, "ஆனா அது மட்டுமில்ல. நாற்காலியில உக்காந்தவனுக்கு மூச்சைப் பிடிக்க என்ன வேலை? அப்படி ஒரு நாளே இல்ல டாக்டரம்மா. எப்பவோ போயிருக்கு."

டாக்டர் தலையசைத்தார்.

கரையேறும்போது சந்தியாகுவின் முகம் மாறியிருந்தது. "அப்ப இந்தக் கிருமியும் தனக்கே தெரியாம திருடனாயிருச்சு, மன்னிச்சுடுன்னு சொல்றீங்களா? என் சலோமி மூணு நாள் என்னையே யாருன்னு கேட்டா. அப்படியே போயிட்டா."

"மன்னிக்கச் சொல்லலண்ணே. பச்சை போச்சு. பை ஏன் போகலைன்னு கேக்கலையே நீங்க?"

அவர் தலையைத் துவட்டுவதை நிறுத்தினார். "ஏன் போகல?"

"அதுக்குள்ள வேற வேலை நடக்குது. அந்த வேலை நின்னா கிருமி பிழைக்காது. நாம கொடுக்கிற மருந்துல ஒண்ணு ரெண்டு நேரா அந்தப் பைக்குத்தான் போகுது."

சந்தியாகு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு கேட்டார்:

"அந்தப் பையைக் கண்டுபிடிச்சவங்க வீட்டுலயும் யாராவது செத்திருப்பாங்கதானே? அவங்களுக்குக் கோபம் இருந்திருக்காதா?"

"இருந்திருக்கும்ணே. அந்தக் கோபத்தை ஆய்வுக்கூட வாசல்ல நிறுத்திட்டு உள்ள போயிருப்பாங்க."