தரையை அளந்தவர்

சொட், சொட் என்று பித்தளையில் மழைநீர் விழுந்துகொண்டிருந்த சத்தம் மெல்ல சளக், சளக் என்று மாறியது. அண்டா நிறைந்துவிட்டது. வேலப்பர் கண்ணைத் திறக்காமலே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மலையடிவாரத்து மடம் அது. நோயாளிகள் படுக்க ஒரு நீளக் கொட்டகை. சாரல் மழைக்காலத்துக்கு முன்னால் அதற்குப் புது ஓடு போட வேண்டும் என்று பேச்சு வந்தபோது, "அளவு நான் எடுக்கிறேன்" என்று முன்னால் வந்தவர் மடத்துச் சாமி வேலப்பர்தான்.

ஏணி சுவரில் சாத்தித்தான் இருந்தது. அவர் ஏறவில்லை. கயிற்றைப் பிடித்துத் தரையை நீளவாக்கிலும் குறுக்கேயும் அளந்து, அந்தக் கணக்குக்கே சூளையில் ஓடு சொல்லிவிட்டார்.

ஒரு மூலை மூடாமல் நின்றது.

"சாமி, தரைக்கு ஓடு போடவா வாங்கினீய?" என்று கூரைமேல் இருந்த கொத்தனார் சிரித்தார். "தரை படுத்துக் கிடக்கு. கூரை சாஞ்சுல்லா நிக்குது! சாய்வுக்கு யாரு ஓடு தருவா?"

சூளைக்காரர்கள் மழைக்காலத்துக்காக நெருப்பை அணைத்திருந்தார்கள். திறந்த மூலைக்குக் கீற்று வைத்துக் கட்டினார்கள். முதல் காற்றே அதைப் பிய்த்துக்கொண்டு போனது. கீழே படுத்திருந்த வண்டிக்காரர் சுடலைமுத்து தொப்பலாக நனைந்தார். இறங்கியிருந்த காய்ச்சல் மறுபடி ஏறியது. இன்று விடிந்ததும் அவருடைய மச்சான்மார் வந்து, யாரிடமும் பேசாமல், கட்டிலோடு தூக்கிப் போய்விட்டார்கள்.

வேலப்பர் எழுந்து அம்மாவிடம் போனார். மடத்துக்குத் தலைவி மங்கையம்மா, அவரைவிட வயதில் இளையவர். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அவர் பிழைச்சுக்குவாராம்மா?"

"தெரியாது."

"நான் ஏணி ஏறியிருக்கணும்."

"ஆமா."

"பயத்துல இல்லம்மா. கீழே நின்னே தெரியும்னு நெனச்சேன்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"இப்ப என்ன செய்யப் போறீர்?"

"ஓடெல்லாம் பிரிச்சு நகர்த்திப் போடச் சொல்றேன். திறந்த இடம் என் பாய்க்கு மேலே வரட்டும். மழைக்காலம் முழுக்க நான் நனையறேன்."

"நனைஞ்சா?"

"மனசு கொஞ்சம் ஆறும்."

"ஆறும், ஆறும். நாலு மழை நனைஞ்சதும் எல்லாம் தீர்ந்துபோச்சுன்னு நல்லாத் தூங்குவீர். அப்புறம் உமக்குக் காய்ச்சல் வரும். ஊரெல்லாம் உம்மை வந்து பார்க்கும். சுடலைமுத்துவை யாரு நெனைப்பா?"

வெளியே சாரல் ஒரு வீச்சு வீசி ஓய்ந்தது.

"அப்போ அந்தக் குறையை எங்கதாம்மா வைக்க?"

"வாசல் நடைக்கு மேலே. அங்க யாரும் படுக்கிறதில்ல."

"எல்லாரும் நடக்கிற வழியாச்சே. ஈரத்துல வழுக்குமே!"

"வழுக்கும். துடைச்சுக்கிட்டே இருக்க ஒரு ஆள் வேணும்."

வேலப்பர் தரை துடைக்கும் துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஏணி இருந்த பக்கம் நடந்தார். அம்மா முறத்தை எடுத்து, விட்ட இடத்திலிருந்து புடைக்கத் தொடங்கினார்.